இங்க்ஸ்கேப்பில் டிரான்ஸ்பரன்சி: எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை

இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் ஒபாசிட்டியை, அதாவது ஓர் உருவம் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை, பாதியாகக் குறைத்தால் கண்ணாடி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். வரவில்லை. வந்தது சாம்பல் பூசின பிளாஸ்டிக். கோளாறு மென்பொருளில்தான் என்று முடிவுகட்டி, இங்க்ஸ்கேப்பை இரண்டு தடவை கணினியிலிருந்து தூக்கியும் இருக்கிறேன். மூன்றாவது தடவை நிறுவி, கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் நான் இத்தனை நாளாக இழுத்துக்கொண்டிருந்ததே வேறு ஸ்லைடர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஐகான், லோகோ, விளக்கப்படம், போஸ்டர் என்று எல்லாமே இதில்தான். எனவே இது இங்க்ஸ்கேப் முழுவதற்குமான விமர்சனம் இல்லை. டிரான்ஸ்பரன்சி (பின்னால் இருப்பது ஊடே தெரியும் தன்மை) என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று 1.3, 1.4 பதிப்புகளை வைத்துச் சொல்கிறேன்.

முன்கதை சுருக்கமாக. சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து 2003-ல் பிரிந்து வந்தது இங்க்ஸ்கேப். இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று: இதன் சொந்தக் கோப்பு வடிவமே எஸ்விஜி, உலாவிகளும் படிக்கும் ஒரு பொதுப் பட வடிவம். அதாவது டிரான்ஸ்பரன்சி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இங்க்ஸ்கேப் தானாக முடிவு செய்வதில்லை, எஸ்விஜி தரநிலை என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்கிறது. இதன் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

சரி, குழப்பத்தின் வேருக்கு வருவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டி திறக்கும். அதில் ஃபில் (உருவத்தின் உள்ளே நிரப்பும் நிறம்) தாவலில் நிறத்துக்குக் கீழே ஆல்ஃபா என்று, அந்த நிறம் மட்டும் எவ்வளவு அடர்த்தி என்பதற்கான ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஸ்ட்ரோக் பெயிண்ட் (சுற்றுக்கோட்டின் நிறம்) தாவலில் அதேபோல இன்னொன்று. பெட்டியின் அடியில், எந்தத் தாவலில் இருந்தாலும் மாறாமல், ஒபாசிட்டி என்று மூன்றாவதாக ஒன்று. மூன்றுக்கும் தோற்றம் ஏறத்தாழ ஒன்றுதான், மூன்றையும் இழுத்தால் ஏதோ ஒன்று மங்கத்தான் செய்கிறது, அதனால் புதிதாக வருபவர் கைக்கு எட்டியதை இழுத்துவிட்டுப் போகிறார். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் இந்த மூன்றும் மூன்று வேலை.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு வட்டம் வரையுங்கள், உள்ளே மஞ்சள், சுற்றி நல்ல தடிமனாக, 20 பிக்சலுக்கு, நீலக் கோடு. இப்போது ஃபில் ஆல்ஃபாவையும் ஸ்ட்ரோக் ஆல்ஃபாவையும் தனித்தனியே 50 ஆக்குங்கள். கோடு ஒன்றுதான், ஆனால் இரண்டு நிறப் பட்டையாகத் தெரியும்: வெளிப்பாதி வெறும் நீலம், உள்பாதி மஞ்சள் கலந்த ஒரு மாதிரியான பச்சைச் சாம்பல். காரணம், கோடு எப்போதும் உருவத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்காருகிறது, உள்ளே உட்காரும் 10 பிக்சலுக்கு அடியில் மஞ்சள் ஃபில் இருக்கிறது, மேலே இருப்பது ஒளியை ஊடே விடுகிறதே (இனி "ஒளி விடும்" என்றால் இதுதான்), அடியில் இருப்பது தெரியாமல் எங்கே போகும்? இப்போது இரண்டு ஆல்ஃபாவையும் 100-க்குத் திருப்பிவிட்டு, அடியில் உள்ள ஒபாசிட்டியை மட்டும் 50 ஆக்குங்கள். பட்டை மறைந்துவிடும். வட்டமும் கோடும் முதலில் முழுப்படமாகச் சேர்ந்து, அப்புறம் அந்தப் படம் மொத்தமாக மங்குகிறது. நீண்ட நாள் நான் "கோடு அழுக்காக வருகிறது" என்று புலம்பிக்கொண்டிருந்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் பழகியவர்கள் இந்த இடத்தில் "கோட்டை முழுக்க உள்பக்கமாகத் தள்ளிவிடலாமே" என்பார்கள். இங்க்ஸ்கேப்பில் அதற்கு நேரடி வசதி இல்லை. கோட்டை ஃபில்லுக்கு அடியில் போடும்படி வரிசையை மாற்றலாம், ஆனால் ஃபில்லே ஒளி விட்டால் அடியில் உள்ள கோடு பல்லைக் காட்டும். ஒரே உருவத்துக்கு இரண்டு மூன்று ஃபில் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஒபாசிட்டி கொடுப்பதும் இங்கே கிடையாது. உருவத்தை நகலெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதுதான். பழகிவிட்டால் பெரிய சிரமமில்லை, ஆனால் பின்னாளில் உருவத்தைத் திருத்தும்போது மூன்று நகலையும் திருத்த வேண்டுமே, அது எரிச்சல்.

அடுத்தது அடுக்குக் கணக்கு. 50 சதவீதம் மறைக்கும் உருவம் ஒன்றின்மேல் அதேபோல இன்னொன்றை வைத்தால் மொத்தம் 100 என்றுதான் மனம் சொல்லும். கிடையாது. முதலாவது பாதியை மறைக்கிறது, இரண்டாவது மீதியில் பாதியை மறைக்கிறது, ஆக 75. மூன்றாவதும் வந்தால் 87.5. எத்தனை அடுக்கினாலும் நூறைத் தொடாது. 10 சதவீதத்தில் ஏழு அடுக்கு வைத்தால் 70 வராது, சுமார் 52-தான். இந்தக் கணக்கு இங்க்ஸ்கேப்புக்கு மட்டும் உரியதில்லை, எந்த மென்பொருளிலும் இதுதான், ஆனால் புகை, மூடுபனி, மெல்லிய துணி மடிப்பு மாதிரி அடுக்கி அடுக்கிச் செய்யும் படங்களில் இதை மனதில் வைத்துக்கொண்டால் எண்களை ஊகித்துப் போட்டு அழிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு அடுக்குதான் பெரிய மாற்றம் தரும், அதற்கு மேல் கண்ணுக்குப் பிடிபடுவதே குறைவு.

உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களில் கருமை கூடவே கூடாது என்றால்? உதாரணமாக ஐந்தாறு வட்டங்களைச் சேர்த்து ஒரு மேகம் வரைந்து, மேகம் முழுவதும் ஒரே சீராக ஒளி விட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒபாசிட்டியைக் குறைத்தால் மேகத்துக்குள் வட்டங்களின் எலும்புக்கூடு தெரியும். வட்டங்களை 100-லேயே விட்டுவிட்டு, கண்ட்ரோல் ஜி அழுத்திக் குழுவாக்கி, குழுவின் ஒபாசிட்டியைக் குறைக்க வேண்டும். எஸ்விஜி அந்தக் குழுவைத் தனியே ஒரு படமாக வரைந்து முடித்துவிட்டு, அதன்பிறகு மொத்தமாக மங்கச் செய்கிறது. இங்க்ஸ்கேப் இதை அப்பழுக்கில்லாமல் செய்யும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தக் குழு ஒபாசிட்டியைத்தான் சொல்வேன், பகட்டே இல்லாத வசதி, தினமும் பயன்படுகிறது.

இதே கணக்கு ஒரு மயிரிழைத் தொல்லையையும் விளக்குகிறது. இரண்டு உருவங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்திருப்பீர்கள், இடைவெளி சுத்தமாகப் பூஜ்யம், ஆனாலும் நடுவில் மெல்லிய வெளிர்கோடு ஒன்று தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே தடிமனில் கூடவே வரும். விளிம்பு ஒரு பிக்சலின் நடுவில் விழும்போது, வழவழப்புக்காக இடப்பக்க உருவம் அந்தப் பிக்சலில் பாதி அடர்த்தியும் வலப்பக்க உருவம் பாதி அடர்த்தியும் போடுகின்றன. பாதியும் பாதியும் முழுசு என்று நினைத்தால், மேலே பார்த்த கணக்கின்படி 75-தான், மீதி 25-ல் பின்னணி எட்டிப் பார்க்கிறது. தீர்வு, ஓர் உருவத்தை மற்றதற்கு அடியில் ஒரு பிக்சல் நுழைத்துவிடுவது. ஒளி விடும் உருவங்கள் என்றால் நுழைத்த இடம் கருப்பாகத் தெரியுமே என்பீர்கள். அதற்குத்தான் மேகத்துக்குச் சொன்ன வழி: எல்லாம் 100-ல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குழுவாகி, பிறகு குழுவுக்கு ஒபாசிட்டி.

கிரேடியன்ட்டுக்கு, அதாவது ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும் நிரப்புக்கு, வருவோம். இதில் இங்க்ஸ்கேப் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஒரு சிவப்பு உருவத்தின்மேல் கிரேடியன்ட் கருவியை இழுத்தால் அது கொடுப்பது சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட் இல்லை, சிவப்பிலிருந்து அதே சிவப்பின் பூஜ்ய ஆல்ஃபாவுக்குப் போகும் கிரேடியன்ட். அதாவது முழுசாகத் தெரிவதில் தொடங்கி, நிறம் மாறாமலே கரைந்து போகிறது. மங்கலான ஒளி, புகை, நிழல் எல்லாவற்றுக்கும் இதுதான் சரியான தொடக்கம். நாமாகப் போய் அந்தக் கடைசிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து "தெரியாமல்தானே போகப் போகிறது, எந்த நிறமாக இருந்தால் என்ன" என்று வெள்ளையாகவோ கருப்பாகவோ மாற்றிவிடுகிறோம். அங்கேதான் வம்பு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஆல்ஃபா மட்டும் மாறுவதில்லை, நிறமும் சேர்ந்து மாறுகிறது, ஆக நடுவழியில் பாதி வெள்ளையான சிவப்பு, பாதி ஆல்ஃபாவில் நிற்கும். இருண்ட பின்னணியில் அது பால் ஊற்றின மாதிரி தெரியும். கருப்பு வைத்திருந்தால் வெளிர் பின்னணியில் புகைக்கரி. ஒளி வட்டம் ஏன் அழுக்காக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் கடைசிப் புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். நிறக் குறியீட்டுப் பெட்டியில் எட்டு எழுத்து இருக்கும். முதல் ஆறு நிறம், கடைசி இரண்டு ஆல்ஃபா. கரையும் புள்ளியில் கடைசி இரண்டு மட்டும் 00 ஆக இருக்க வேண்டும், முதல் ஆறைத் தொடவே வேண்டாம். பாதி ஆல்ஃபா வேண்டுமென்றால் 50 என்று போடக்கூடாது, 80 என்று போட வேண்டும், அது பதினாறை அடியாகக் கொண்ட எண், 00-லிருந்து FF வரை போகும்.

இப்போது நான் தோற்ற அந்தக் கண்ணாடித் தம்ளர். பாதியளவு தண்ணீர் உள்ள சாதாரணத் தம்ளர், அதை இப்போது எப்படி வரைகிறேன் என்று சொல்கிறேன். முதலில் பின்னணிக்கு அடர்நீலப் பச்சை. வெள்ளைத் தாளில் கண்ணாடி வரைவது வீண் வேலை, பின்னால் ஏதாவது இருந்தால்தான் அது கண்ணாடி என்று கண் ஒப்புக்கொள்ளும். தம்ளரின் உடல், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு வடிவம், வெள்ளை நிறம், இடமிருந்து வலமாகக் கிரேடியன்ட்: இடது ஓரத்தில் ஆல்ஃபா 35, நடுவில் 5, வலது ஓரத்தில் 25. கண்ணாடியின் ஓரங்களில்தான் நம் பார்வை அதிகத் தடிமன் வழியாகப் போகிறது, அதனால் ஓரம் தெரிய வேண்டும், நடு கிட்டத்தட்ட இல்லாமலே போக வேண்டும். தண்ணீருக்கு வெளிர்நீலம், ஆல்ஃபா 30. தண்ணீரின் மேல்மட்டத்துக்குத் தனியே ஒரு நீள்வட்டம், கொஞ்சம் கூடுதலாக 45. வாய்ப்பகுதிக்கு ஃபில் இல்லாத, கோடு மட்டும் உள்ள ஒரு நீள்வட்டம், வெள்ளை, ஆல்ஃபா 60. அடிக்கண்ணாடி தடிமனானது, அதற்குக் கொஞ்சம் அடர்நிறத்தில் 40. கடைசியாக இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பளபளப்புக் கீற்று, மேல்முனையில் வெள்ளை ஆல்ஃபா 90, கீழே 0, துளியூண்டு பிளர் (விளிம்பைக் கலங்கலாக்குவது).

இதில் எங்கேயாவது 50 இருக்கிறதா? எல்லா உருவத்தின் ஒபாசிட்டியும் 100-லேயே நிற்கிறது, மாறியதெல்லாம் உள்ளே இருக்கும் ஆல்ஃபாதான். முன்பு நான் செய்தது, மொத்தத் தம்ளரையும் பாதியாக மங்கச் செய்தது; அப்போது பளபளப்பும் மங்கியது, ஓரமும் மங்கியது, நடுப்பகுதி தேவைக்கு மேல் தெரிந்தது. நிஜக் கண்ணாடியில் பளபளப்பு கிட்டத்தட்ட முழு வெள்ளை, நடு கிட்டத்தட்டக் காற்று. எல்லாவற்றையும் ஒரே அளவில் மங்கச் செய்தால் பிளாஸ்டிக் வராமல் வேறென்ன வரும்.

பிளர் அதே ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில், ஒபாசிட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நிழலுக்கு இது போதும்: உருவத்தை கண்ட்ரோல் டி கொடுத்து நகலெடுத்து, அடர்நிறமாக்கி, பிளர் 8 அளவுக்கு வைத்து, ஒபாசிட்டி 35-க்குக் குறைத்து, ஓர் அடுக்கு கீழே இறக்கிவிட்டால் முடிந்தது. நிழலுக்குச் சுத்தக் கருப்பைத் தவிர்த்துப் பின்னணி நிறத்தின் அடர்ந்த சாயலை எடுத்தால் படம் உயிரோடு இருக்கும். குறை என்னவென்றால் வேகம். பெரிய உருவத்தில் பெரிய பிளர் நாலைந்து இருந்து, அருகில் போய்ப் பார்க்கப் பெரிதாக்கினால் திரை திணறுகிறது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காத்திருக்க வேண்டும். எண் விசைப்பலகையின் 5-ஐ கண்ட்ரோலோடு அழுத்த அழுத்தக் காட்சி முறை மாறும், அப்படி ஃபில்டர் (பிளர் மாதிரி விளைவுகள்) இல்லாத காட்சிக்குப் போகலாம், வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். இது தெரியாமல் போனால் ஒரு போஸ்டர் செய்து முடிப்பதற்குள் பொறுமை காலியாகிவிடும். வட்டமான நிழலென்றால் நான் பிளரைத் தொடுவதே இல்லை, நடுவிலிருந்து வெளியே கரையும் ரேடியல் கிரேடியன்ட் ஒன்றை அமுக்கித் தட்டையாக்கி வைத்துவிடுகிறேன், கண்ணுக்கு அதே பலன், திரைக்குச் சுமையில்லை.

மேலே உள்ள நிறம் கீழே உள்ளதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோடு, நார்மலையும் சேர்த்து, 16. மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே என்று போட்டோஷாப்பில் பார்த்த அதே பெயர்கள்தான். நடைமுறையில் எனக்கு மூன்று போதும்: நிழலுக்கு மல்டிப்ளை, ஒளிக்கு ஸ்கிரீன், எப்போதாவது ஓவர்லே. மீதியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் ஒரு முழு மாலை மாட்டிக்கொண்டேன். ஒரு குழுவுக்குள் மல்டிப்ளை வைத்த நிழல், குழுவுக்கு வெளியே இருக்கும் பின்னணியோடு அழகாகக் கலந்திருந்தது. படம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதே என்று குழுவின் ஒபாசிட்டியை 95 ஆக்கினேன். நிழல் சட்டென்று செத்துப்போய், பின்னணிமேல் ஒட்டவைத்த வெளிறிய தாள் மாதிரி ஆகிவிட்டது. ஒபாசிட்டி 100-லிருந்து இறங்கிய நொடியில் அந்தக் குழு தனித் தீவாகிவிடுகிறது. முன்னால் சொன்ன அதே காரணம், குழுவைத் தனிப்படமாக வரைந்த பிறகுதான் கீழே ஒட்டுகிறது, ஆகவே உள்ளே இருக்கும் மல்டிப்ளைக்குத் தீவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பிளரோ மாஸ்க்கோ குழுவுக்குப் போட்டாலும் இதே கதைதான். மேகத்தைக் காப்பாற்றிய வசதியே நிழலைக் கொன்றது. இப்போதெல்லாம் மல்டிப்ளை நிழல்களைக் குழுவுக்கு வெளியே, தனி லேயரில் வைத்துவிடுகிறேன்.

அப்புறம் மாஸ்க். ஒரு புகைப்படமோ, ஏற்கெனவே பல நிறம் உள்ள ஒரு குழுவோ, ஒரு பக்கமாகக் கரைந்து போக வேண்டும் என்றால் கிரேடியன்ட் ஆல்ஃபா உதவாது, மாஸ்க்தான் வழி. படத்துக்கு மேலே ஒரு செவ்வகம் வைத்து, அதில் வெள்ளையிலிருந்து கருப்புக்கு ஒரு கிரேடியன்ட் போட்டு, இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் மாஸ்க்கை அமைத்தால், வெள்ளை உள்ள இடத்தில் படம் தெரியும், கருப்பு உள்ள இடத்தில் மறையும், சாம்பலில் பாதி. வேலை சுத்தமாக நடக்கும். எனக்குள்ள குறை வேறு. அஃபினிட்டி டிசைனரில் இதற்கென்றே தனிக் கருவி, உருவத்தின்மேல் இழுத்தால் அந்தத் திசையில் கரைகிறது, நிறத்தைத் தொடுவதே இல்லை. கோரல்டிராவிலும் டிரான்ஸ்பரன்சிக்குத் தனிக் கருவி உண்டு. இங்க்ஸ்கேப்பில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. மாஸ்க் போட்ட பிறகு கரையும் திசையை லேசாக மாற்ற வேண்டுமென்றால் மாஸ்க்கை விடுவித்து, கிரேடியன்ட்டைத் திருத்தி, மறுபடி அமைப்பதுதான் எனக்குக் கைவந்த வழியாக இருக்கிறது. இழுத்துப் பார்த்து, பிடிக்காமல், மறுபடி இழுத்துப் பார்க்கும் வகை வேலைக்கு இது ஒத்துவராது. டிரான்ஸ்பரன்சியில் இங்க்ஸ்கேப் மற்றவற்றைவிடப் பின்தங்கி நிற்கும் இடம் எது என்று கேட்டால் இதுதான்.

சின்னச் சின்ன சுகங்களும் இருக்கின்றன. கீழ் இடது மூலையில் ஃபில், ஸ்ட்ரோக் நிறங்களுக்குப் பக்கத்தில் ஒபாசிட்டிக்கு ஒரு குட்டி எண் பெட்டி. அதன் பெயரெழுத்தில் வலது சொடுக்கினால் 0, 25, 50, 75, 100 என்று பட்டியல் வரும், பெரிய பெட்டியைத் திறக்கவே வேண்டாம். திரையிலிருந்து நிறத்தை எடுக்கும் டிராப்பர் கருவியில் ஒபாசிட்டியை எடுப்பதா வேண்டாமா என்று தனிப் பொத்தான். அதை அணைத்துவிட்டு எடுத்தால் அடுக்குகள் கலந்து கண்ணுக்கு என்ன நிறமாகத் தெரிகிறதோ அதையே முழு அடர்த்தியில் கொடுக்கும், இதன் அருமை அச்சுக்கு அனுப்பும்போதுதான் புரியும். நகல்களை வரிசையாக அடுக்கித் தரும் டைல்டு குளோன் பெட்டியில் வரிசைக்கு இத்தனை சதவீதம் மங்கிக்கொண்டே போகட்டும் என்று சொல்லலாம். ஒரு குமிழியை வரைந்து, பத்து நகல், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கலாக, ஒரே சொடுக்கில். லேயர்கள் பட்டியலிலிருந்தே ஒபாசிட்டியையும் பிளெண்டையும் மாற்றும் வசதி 1.3-ல் கிடைத்தது, எது எங்கே மங்கியிருக்கிறது என்று தேடி அலையும் வேலை அதில் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் அலைச்சல்தான்: பட்டியல் காட்டுவது உருவத்தின் ஒபாசிட்டியை, ஃபில்லுக்குள் ஒளிந்திருக்கும் ஆல்ஃபாவை இல்லை.

ஆக, வாங்கலாமா என்று கேட்கவே வேண்டியதில்லை, இலவசம்தானே, பழகலாமா என்பதுதான் கேள்வி. திரைக்கான வேலை, ஐகான், இணையப் படம், வீடியோவுக்கான படம் இவைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். இங்கே நீங்கள் வைக்கும் ஒபாசிட்டியும் பிளெண்ட் மோடும் உலாவியிலும் அப்படியே வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே தரநிலையைப் படிக்கின்றன. வலை மாதிரி பல புள்ளிகளில் நிறம் கொடுக்கும் மெஷ் கிரேடியன்ட் மட்டும் விதிவிலக்கு, ஒவ்வொரு மூலைக்கும் தனி ஆல்ஃபா கொடுத்து அற்புதமாக வரையலாம், ஆனால் உலாவிகள் அதைத் தாமாகப் புரிந்துகொள்வதில்லை, பிஎன்ஜியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தினமும் அச்சு வேலை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிஎன்ஜி என்றதும் ஒன்று. இங்க்ஸ்கேப்பின் பக்கம் வெள்ளையாகத் தெரியும், ஆனால் நாமாக மாற்றாதவரை அது வெள்ளை இல்லை, வெறும் காற்று. பிஎன்ஜியாக எடுத்தால் பின்னணியே இருக்காது. கருப்பு எழுத்தோடு ஒரு லோகோவை அனுப்பிவிட்டு, எதிர்முனையில் இருந்தவர் கருப்புத் திரையில் திறந்து "படமே வரவில்லையே" என்று கேட்க, நான் நாலு தடவை அதே கோப்பை மறுபடி மறுபடி அனுப்பின கதை உண்டு. டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸில் சதுரங்கக் கட்டப் பின்னணியை இயக்கிவிட்டால் அந்தக் கோப்பில் எது நிஜ வெள்ளை, எது காற்று என்று எப்போதும் தெரியும். புதிய கோப்பைத் திறந்ததும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அச்சு வேறு உலகம். அச்சு இயந்திரங்களுக்கான பழைய மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு டிரான்ஸ்பரன்சி என்ற ஒன்றே தெரியாது, அதனால் அதை அடிப்படையாகக் கொண்ட இபிஎஸ் கோப்பாக எடுத்தால் ஒளி விடும் பகுதிகள் பிக்சல் படமாக மாறிவிடும். பிடிஎஃப் வடிவத்துக்கே டிரான்ஸ்பரன்சி வந்தது 2001-ல், 1.4 பதிப்பில்தான். பிடிஎஃப்பின் 1.4, 1.5 என இரண்டு பதிப்பிலும் இங்க்ஸ்கேப் எடுத்துத் தரும், ஆல்ஃபா அப்படியே போகும், ஆனால் பிளர் மாதிரி ஃபில்டர்கள் படமாக்கப்பட்டுத்தான் போகும். அதற்கு எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று எடுக்கும்போது ஓர் எண் கேட்கிறது. அதை 96-லேயே விட்டால் திரையில் குறை ஒன்றும் தெரியாது, தாளில் நிழல் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும். 300 வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறு. ஒரு போஸ்டருக்கு அச்சகத்தில் கேட்டது பிடிஎஃப் எக்ஸ்-1ஏ என்ற அச்சுக்கான பிடிஎஃப் வகை, அதில் ஒளி விடும் எதுவும் இருக்கவே கூடாது; எக்ஸ்-4 என்றால் இருக்கலாம். நான் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்காமல், பழைய நினைப்பில் இபிஎஸ் ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததில் ஒவ்வொரு நிழலைச் சுற்றியும் லேசாக நிறம் மாறிய ஒரு செவ்வகம், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று. தப்பு என்னுடையதுதான். இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பரன்சியைத் தட்டையாக்க ஒரு மெனு கட்டளை இருக்கிறது, இங்கே கையால்தான். இரண்டு உருவம் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தைப் பாத் மெனுவின் இன்டர்செக்‌ஷன் கொண்டு தனி உருவமாக வெட்டி, முன்பு சொன்ன டிராப்பரால் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை எடுத்து நிரப்பி, ஆல்ஃபாவை 100 ஆக்கிவிட வேண்டும். லோகோ என்றால் பத்து நிமிட வேலை. அந்தப் போஸ்டரில் நாற்பத்தேழு இடம் இருந்தது, எண்ணிப் பார்த்துவிட்டு முழுப் பக்கத்தையும் 300 டிபிஐ பிஎன்ஜியாக எடுத்து அதையே அனுப்பினேன்.